ராஜாவைக் கொன்றவனுக்கு மேஸ்திரி வேலை

ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஏசுநாதர் உயிர்த்தெழுவார். அன்று சாயங்காலமே பாக்கியநாதன் செத்துப்போவார். ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பைத் தாண்டிக் கீழே இறங்குகிற அந்தக் காப்பி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டுமே வருஷம் தவறாமல் நடக்கிற காரியங்கள். மாதா கோயில் மைதானத்தில் மூங்கில் நட்டு, படுதா கட்டி, 'மகுடபுரி மன்னன்' என்ற சோக நாடகத்தைப் போடுவார்கள். எழுதினது யாரென்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் வசனம் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

கதை பெரிய கதையொன்றும் இல்லை. மகுடபுரி மன்னன் ஓர் அநாதைப் பையனை எடுத்து வளர்த்துச் சேனாதிபதி ஆக்குகிறான். சேனாதிபதிக்கு மகுடத்தின்மேல் கண் விழுகிறது. கோயிலில் மண்டியிட்டு ஜெபம் செய்துகொண்டிருக்கிற மன்னனை முதுகில் குத்திக் கொல்கிறான். அப்புறம் அந்த மகுடத்தைத் தலையில் தாங்க மாட்டாமல் கடைசிக் காட்சியில் தன் கத்தியாலேயே செத்துப்போகிறான். மன்னன் வேஷம் எஸ்டேட் மேஸ்திரி பாக்கியநாதனுக்கு. சேனாதிபதி வேஷம் அவர் ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தி நின்ற ஞானப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸுக்கு.

ஸ்தனிஸ்லாஸின் அப்பன் நிழல் மரம் கழிக்க ஏறி, சில்வர் ஓக் மரத்து உச்சியிலிருந்து விழுந்து போனவன். அன்றிலிருந்து பையனுக்குச் சோறு, துணி, செடி கழிக்கிற கவாத்துக் கத்தி பிடிக்கிற விதம், மேடையில் எந்தப் பக்கம் திரும்பி நின்று பேசுவது என்பது வரைக்கும் பாக்கியநாதன்தான். பிள்ளை இல்லாத மனுஷர். அவரும் அவர் மனைவி ஞானசுந்தரியும் அவனை வளர்த்தார்கள் என்று சொல்வதுகூடக் குறைச்சல்தான். அவனை வைத்துத்தான் அவர்கள் தங்களை அப்பன், ஆத்தாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு பொச்சரிப்பு இருந்தது. காலையில் ஆளெடுக்கிற இடத்தில் மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு பெயர் கூப்பிடுவார், கூலிக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளுக்குள் எரியும். மேட்டில் தனியாக நிற்கிற மேஸ்திரி வீடு, அதன் சிமெண்டுத் தரை, வாசலில் ஒரு ஆரஞ்சு மரம். பாக்கியநாதனுக்கு வயசாகிவிட்டது, இறங்கினால் அடுத்தது இவன்தான் என்று கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைனில் பேச்சு. ஆனால் அவர் இறங்குவதாகக் காணோம். காலில் வாதம் வந்தும் தடி ஊன்றிக்கொண்டு மேட்டை ஏறிக்கொண்டிருந்தார்.

அவன் மனைவி சாந்தாமேரி, நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு மேஸ்திரியின் மகள். ஊர்க்கதைகளில் பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்று சுலபமாக முடித்துவிடுவார்கள். ஆம்பிளைகளுக்கு அது நல்ல வசதியான கதை. இங்கே ஆசை ஸ்தனிஸ்லாஸின் சொந்த ஆசை. சாந்தாமேரி அதை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

"ஏனுங்க, அவுரு தானா இறங்க மாட்டாரு. சாகற மட்டும் பேரு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு, நீங்களும் கையக் கட்டிக்கிட்டு நிப்பீங்க" என்றாள், எண்பத்து மூன்றாம் வருஷம் பழம் பறிப்பு முடிகிற சமயத்தில்.

"வளத்தவரு மேரி."

"வளத்தாரு, இல்லீங்கல. மேஸ்திரியாவா வளத்தாரு? கூலிக்காரனாத்தான் வளத்தாரு."

அதே வார்த்தையை அவனும் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையை மூட்டை கட்டி அனுப்பிய பிறகு, தரையைக் கூட்டினால் உடைசலும் தூசியுமாகக் கொஞ்சம் மிஞ்சும். அதை மேஸ்திரி ஒரு சாக்கில் சேர்த்துத் தன் விறகுக் கொட்டகையில் வைத்திருந்து, லைனில் இருக்கிற கைம்பெண்களுக்குப் பண்டிகைக்கு முன்னால் பங்கு வைப்பார். வெள்ளைக்காரத் துரை காலத்தில் வாய்ச்சொல்லாகக் கிடைத்த அனுமதி அது. எஸ்டேட் சேலத்து முதலாளி கைக்கு வந்த பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காததால் யாரும் சொன்னதுமில்லை.

"கூட்டுன கொட்டைன்னா மொதலாளி சிரிச்சுட்டு வுட்டுருவாரு. அந்தச் சாக்குல நல்ல கொட்டை கெடந்தா சிரிப்பாரா?" என்று கேட்டுவிட்டு, சாந்தாமேரி அடுப்பை ஊதப் போய்விட்டாள். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, களத்துக் குவியலிலிருந்து ஒரு கூடை முதல்தரக் கொட்டையை அள்ளிக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் மேட்டு வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனான். ஞானசுந்தரி உள்ளே இருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, "யாரது, ஸ்தனிசா? சாப்புட்டயா கண்ணு?" என்று குரல் கொடுத்தாள். "சாப்புட்டேனுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கூடையைச் சாக்கில் கவிழ்த்தான். ஒரு கொட்டைகூடக் கீழே சிந்தவில்லை. பின்னாளில் அவனை மிகவும் பயமுறுத்தியது அதுதான்.

அந்த வாரம் ஒண்டிக்கடை டீக்கடையில் கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டரைப் பார்த்தபோது, பேச்சோடு பேச்சாக, "மேஸ்திரி ஊட்டுல இந்த வருசம் சாக்கு நொம்பக் கனமாக் கெடக்குதுங்க" என்றான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மையை வைத்தே ஒருத்தரை ஒழிக்கலாம் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

முதலாளி வந்தார், ரைட்டர் வந்தார், சாக்கைக் களத்தில் கொட்டினார்கள். தூசிக்கும் உடைசலுக்கும் நடுவே நல்ல கொட்டை பளிச்சென்று கிடந்தது. பாக்கியநாதன் குனிந்து ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தார். "இது நானு வெச்சதில்லீங்க" என்றார்.

"சாக்கு உன்னுதா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"எங்களக் கேக்காம எடுத்துட்டுப் போனதுதானே?"

"கூட்டுன கொட்டைய எப்பவும் எடுக்கறதுங்க. இந்தக் கொட்டை..."

ஒன்றை ஒப்புக்கொண்டவன் மற்றதையும் செய்திருப்பான் என்று முடிவு கட்ட முதலாளிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வருஷா வருஷம் பங்கு வாங்கின தங்கம்மா கூட்டத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள், ரைட்டர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். கைம்பெண், மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூலி போனால் கதி கிடையாது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்போது ஒரே ஒரு குரல் எழுந்தது. "எங்கப்பன் திருட மாட்டாருங்க தொரை! சத்தியமா மாட்டாருங்க!" ஸ்தனிஸ்லாஸ்தான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தீர்ப்புச் சொன்ன பிறகு கத்தினால் செலவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அழுகை நடிப்பில்லை, நிஜமாகவே வந்தது. இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருந்தன என்று கேட்டால், மனுஷ மனசு அப்படிப்பட்ட இடம்தான் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

பாக்கியநாதனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பங்குச் சாமியார் போய்க் கேட்டுக்கொண்டதன் பேரில், நாடகம் முடியும்வரை மேட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று முதலாளி இரக்கப்பட்டார். மன்னன் வேஷத்துக்கு வேறு ஆளில்லையே. புது மேஸ்திரி யாரென்பதை நாடகம் முடிந்த கையோடு மேடையிலேயே சொல்வதாகவும் ஏற்பாடு. யார் பெயர் வரும் என்று ரைட்டர் மூலமாகச் சாந்தாமேரிக்கு முன்னமே தெரிந்துவிட்டது. அவள் மேட்டு வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணி எடுத்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் ஸ்தனிஸ்லாஸ் சிக்கிக்கொண்டான். காரணம், கோயில் நாடகத்தில் இருந்த ஒரு கட்டுப்பாடு.

முன்னொரு காலத்தில், குழாயடித் தகராறில் பேசாமல் இருந்த இரண்டு பேர் இதே மன்னனும் சேனாதிபதியுமாக நின்று, தகரக் கத்தி நிஜமாகவே விலாவில் ஏறி, விஷயம் போலீஸ்வரை போய்விட்டது. அதிலிருந்து, படுதா தூக்குவதற்கு முன்னால், கொல்கிறவன் கொல்லப்படுகிறவன் காலடியில் மண்டியிட வேண்டும். "செஞ்சதையும் செய்யப்போறதையும் பொறுத்துக்கணும்" என்று கேட்க வேண்டும். அவர் தலையில் கை வைத்து, "பொறுத்துக்கிட்டேன், எந்திரி" என்று சொன்ன பிறகுதான் ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கும். என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் கூடாது. ஸ்தனிஸ்லாஸ் அதை வேஷம் கட்டத் தொடங்கின நாளிலிருந்து வருஷா வருஷம் விளையாட்டாகச் செய்து வந்தவன்தான்.

தவக்காலம் முழுக்க ஒத்திகைக்குப் போகாமல் தட்டிக் கழித்தான். தொண்டை சரியில்லை என்றான், காய்ச்சல் என்றான். கடைசியில் சாந்தாமேரி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வேசம் கட்டாட்டி அத்தன பேரும் ஏன்னு கேப்பாங்க. உங்களுக்கு இருக்கற நெஞ்சுல, கேட்டாச் சொல்லிப்புடுவீங்க."

"அவரு கால்ல வுளுந்து எப்படிக் கேப்பேன்?"

"போன வருசம் எப்படிக் கேட்டீங்களோ அப்படித்தான்."

பத்து நாளைக்கு முன்னால் பெய்த மழையில், ஈஸ்டர் அன்று காப்பிப் பூ மலையெல்லாம் வெள்ளையாகப் பூத்து, அதன் மணம் மைதானத்தில் வந்து தேங்கி நின்றது. செம்மநத்தம், வாழவந்தி என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து பொழுது சாய்வதற்கு முன்பே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

படுதாவுக்குப் பின்னால் பாக்கியநாதன் அரிதாரம் பூசி, ஜிகினா மகுடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கத்தைவிட மெலிந்திருந்தார். ஸ்தனிஸ்லாஸ் போய் மண்டியிட்டான்.

"செஞ்சதையும்... செய்யப்போறதையும்... பொறுத்துக்கணும்பா."

பெரியவர் அவன் தலையில் கை வைத்தார். வழக்கமாக உடனே எடுத்துவிடுவார். அன்றைக்கு எடுக்கவில்லை.

"களத்துல அத்தன பேரு நின்னாங்க. எனக்குன்னு வாயத் தொறந்தது நீ ஒருத்தன்தான் சாமி. உன்னைய நானு என்னன்னு பொறுக்கறது? எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். எந்திரி."

ஆர்மோனியம் தொடங்கிவிட்டது.

முதல் இரண்டு காட்சிகள் எப்படிப் போயின என்று ஸ்தனிஸ்லாஸுக்கு ஞாபகமே இல்லை. வாய் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் காட்சியில் மன்னன் அட்டையில் செய்த பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டான். சேனாதிபதி பின்னால் வந்தான். தகரக் கத்தி முதுகில் பட்டும் படாமலும் இறங்கியது. மன்னன், "மகனே, நீயா!" என்று வழக்கமான வசனத்தைச் சொல்லிச் சாய்ந்தான். அப்புறம் சேனாதிபதி மகுடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'இனி இந்த மண் என் மண்' என்று சிரிக்க வேண்டும்.

ஸ்தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. கீழே கிடந்த பாக்கியநாதனைப் பார்த்தபடியே நின்றான். வசனப் புத்தகம் வைத்திருந்தவர் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவன் காதில் ஏறவில்லை.

"என்னைப் பெறாமல் பெற்றவரே!" என்று கதறினான். "உம்மைக் கொன்றது இந்தக் கத்தி அல்ல. உமது களஞ்சியத்தில் களவுப் பொருளை ஒளித்து வைத்தவன் நான். உம்மைக் கள்வன் என்று உலகம் சொல்லும்படி செய்தவன் நான். உம் வீட்டில் தின்ற சோறு வயிற்றில் இருக்கும்போதே செய்தேன். செய்துவிட்டு உமக்காக அழுதேனே, அந்தக் கண்ணீரும் விஷம்! ஒன்றும் அறியாமல் பொறுத்தீரே, அந்தப் பொறுமையையும் நான் திருடினேன்!"

நாடகத்தில் இப்படி ஒரு வசனமே கிடையாது. முதலில் பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். அதைத் தொடர்ந்து கைதட்டல், விசில், மலை எதிரொலித்தது. அத்தனை பேரில் ஒருத்தருக்கும் புரியவில்லையா என்று கேட்டால், புரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். தங்கம்மா தலையைக் குனிந்துகொண்டதை ஞானசுந்தரியே பார்த்தாள். ஆனால் நாளைக் காலையில் குடை ஊன்றிப் பெயர் கூப்பிடப்போகிறவனைப் பற்றி இன்று சந்தேகப்பட யாருக்கு வசதிப்படும்? நல்ல நடிப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

புரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒருவர் மேடையில் செத்துக் கிடந்தார். படுதா விழும்வரை பிணம் அசையக் கூடாது. பாக்கியநாதன் அசையவில்லை.

நாடகம் முடிந்து உள்ளே வந்தபோது பெரியவர் ஒரு மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் கிட்டே போய் நின்றான். சேனாதிபதி வேஷம் அப்படியே இருந்தது.

"அந்த வசனம் நாடகத்துல இல்ல" என்றார் பாக்கியநாதன், நிமிராமலே.

"இல்லீங்கப்பா."

"எங்கிட்ட பொறுத்தல் வாங்கிட்டுத்தான் சொன்ன."

அவர் துணியின் இன்னொரு ஓரத்தில் எண்ணெயை ஊற்றி அவன் கையில் கொடுத்தார்.

"மொகத்தத் தொடச்சுக்க. இந்த அங்கியக் கழட்டிப் போட்டுட்டு, உன்ற சட்டையப் போட்டுக்கிட்டு, அந்த மைக்குல போயி, இதே பேச்சை நம்ம பேச்சுல சொல்லு. என்னைய மேஸ்திரியா வெக்கச் சொல்லல கண்ணு. நானு கீழ போறது போறதுதான். திருடன்னு போக வேண்டாம்னு பாக்கறேன். உங்கம்மாவுக்காச்சும் அது தெரியோணும்."

ஸ்தனிஸ்லாஸ் துணியை வாங்கிக்கொண்டான். நெற்றியில் ஒரு தடவை இழுத்தான். சிவப்பு விலகி, அவனுடைய சொந்தத் தோல் கொஞ்சம் தெரிந்தது. உண்மையாகவே செய்துவிடுவான் போலத்தான் இருந்தது. இன்னொரு தடவை இழுத்திருந்தால் செய்தும் இருப்பான் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். படுதாவை விலக்கிக்கொண்டு சாந்தாமேரி வந்தாள். பெரியவரையும் பார்த்தாள், புருஷன் கையிலிருந்த துணியையும் பார்த்தாள். "கூப்புடறாங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் துணியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு அப்படியே நடந்தான்.

முதலாளி சால்வை போட்டார். "எஸ்டேட்டுக்கு இனிமே இவருதான் மேஸ்திரி" என்று அறிவித்தார். ஜனங்கள் தட்டின தட்டில் மூங்கில் ஆடியது. ஸ்தனிஸ்லாஸுக்கு எதிரே மைக் இருந்தது. பக்கவாட்டில், படுதா ஓரமாக, துடைத்த முகத்தோடு பாக்கியநாதன் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஞானசுந்தரியும் வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

முதலாளி அவன் தோளைத் தட்டினார். "ஏப்பா, இந்த வருசம் புதுசா ஒரு வசனம் பேசுனியே, நொம்ப உருக்கமா இருந்துது. எங்க ஊட்டம்மா அழுதே போட்டாங்க. எங்கே, அத இன்னொருக்காச் சொல்லு, கேப்போம்."

கூட்டமும் சொல்லு சொல்லு என்று கத்தியது.

தன் பேச்சில் சொல்ல அதைவிட நல்ல சமயம் இனி வராது. முதலாளியே கேட்கிறார், மைக் இருக்கிறது, ஊரே காத்திருக்கிறது. ஸ்தனிஸ்லாஸ் ஒரு கணம் பெரியவரைப் பார்த்தான். பிறகு மைக்குக்கு நேராகத் திரும்பி, வலது காலை முன்வைத்து, அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"என்னைப் பெறாமல் பெற்றவரே!" என்று ஆரம்பித்தான்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். களவுப் பொருள் என்ற இடத்தில் நிறுத்தினான், கண்ணீர் என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் உடைத்தான். முதல் தடவை தானாக உடைந்த குரல் அது. இப்போது எங்கே உடைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

அது அடங்குவதற்குள் பாக்கியநாதன் ஞானசுந்தரியின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையின் பின்படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.